முந்திரி இங்கே, வரி எங்கே?

ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுத் தரும் தொழிலில் ஒரு வசதி உண்டு: என்னிடம் வருகிறவர்கள் அரசாங்கத்தைப் பாதி திட்டி முடித்துவிட்டுத்தான் வருவார்கள், மிச்சப் பாதிதான் எனக்கு. ஆன்லைனில் எதையாவது வாங்கி, பில்லின் அடியில் இருக்கும் வரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. நெய்வேலியில் ஒரே ஒரு முந்திரி வியாபாரத்துக்காக நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

தனலட்சுமியின் கணவருக்கு மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், வேலை. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். சம்பளத்தோடு கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸும் போய்விடும். அதற்குள் தன் வியாபாரம் காலூன்ற வேண்டும் என்று அவள் குறியாக இருந்தாள். முந்திரியை மிளகு போட்டு வறுத்து ஓர் ஆன்லைன் தளத்தில் விற்றுக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டுக்குள் விற்கும் சின்ன வியாபாரி தளத்தில் சேர ஒரு எண் வாங்கினால் போதும். வெளி மாநிலத்துக்கு ஒரு பாக்கெட் போனாலும் முழு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்.

முந்திரி அனுப்பச் சொல்லி அவளை விடாமல் கேட்டவர்களோ, பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ரிட்டயராகி, பாலக்காட்டுக்கும் நெல்லூருக்கும் போனவர்கள். விதியை விளக்கினேன். "இருபது வருஷம் அடுத்தடுத்த வூட்ல இருந்துகினு கொழம்பு மாத்திக்கினோம் மேடம், அப்ப எந்த எல்லையும் இல்லியே" என்றாள்.

சொந்தக்காரர் யார்?

பதிவுக்கு ஒரு விலாசம் வேண்டும். டவுன்ஷிப்காரர்களிடம் விலாசம் கேட்டால் பிளாக் நம்பரைத் தவிர வேறெதுவும் வாயில் வராது. அவளும் குவார்ட்டர்ஸ் விலாசத்தையே எழுதிக்கொண்டு வந்தாள். கட்டடத்தின் சொந்தக்காரர் என்ற இடத்தில் கணவரின் பெயர். கல்யாணமாகி வந்ததிலிருந்து இருக்கும் வீடு வேறொருவருடையது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"குவார்ட்டர்ஸில் கடை நடத்த முடியாதும்மா" என்று கொஞ்சம் எரிந்து விழுந்தேன். அப்புறம் எனக்கே மனசு கேட்கவில்லை. நானும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்தான். அவள் படிவத்தை மடித்தபடி கேட்டாள்: "அப்ப எங்களுக்குன்னு எழுத எந்த வூடுங்க இருக்குது?"

கலியமூர்த்தியின் கேள்வி

வீடு இருந்தது. குள்ளஞ்சாவடி பக்கத்தில் கணவரின் அண்ணன் கலியமூர்த்தியின் வீட்டு முன்னறை. அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வரி யாருக்குப் போவுது?" என்று கேட்டார். வரியில் மாநிலத்தின் பங்கு, பொருள் எங்கே போய்ச் சேருகிறதோ அந்த மாநிலத்துக்கு என்றேன். "எங்க முந்திரிக்குக் கேரளாவுக்கா வரி?" என்று அவருக்கு ஆத்திரம். மூலையில் புதிதாக ஒரு மருந்தடிக்கும் மெஷின் இருந்தது, ஆன்லைனில் வாங்கியது. பில்லை எடுத்து வரச் சொன்னேன். ஹரியானாவிலிருந்து வந்திருந்தது. "இந்த மெஷினுக்கு நீங்கள் கட்டிய வரியில் மாநிலத்தின் பங்கு தமிழ்நாட்டுக்குத்தான் வந்தது" என்றேன். எனக்கும் இந்த ஏற்பாட்டில் பிடித்தது அதுதான். பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன்: தளமே வரியைப் பிடித்து அந்தந்த மாநிலத்துக்கு அனுப்பிவிட்டால், தனலட்சுமி இப்படி அலைய வேண்டியதில்லை. அந்த நாள் வரும் என்றுதான் நம்புகிறேன்.

கலியமூர்த்தி பில்லை இரண்டு தடவை படித்தார். "அவன் பொருளுக்கு நம்ம ஊருக்கு, நம்ம பொருளுக்கு அவன் ஊருக்கு. இதுல கோச்சிக்க என்னா இருக்குது, பேனாவக் குடுங்க."

போர்டு

பதிவு கொடுக்கும் முன் இடத்தை நேரில் பார்க்க ஜி.எஸ்.டி. அதிகாரி வந்தார். முன்னறை வாசலில் போர்டு பளிச்சென்று இருந்தது. 'தனலட்சுமி முந்திரி' என்று பெரிதாக. அதற்குக் கீழே கணவரின் பெயர், மைன்ஸ், பர்மனென்ட். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிரந்தர வேலை என்ற பெருமைக்காக டவுன்ஷிப்பில் கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படிப் போடுகிறவர்கள் உண்டு என்பதை அந்த அதிகாரிக்கு யார் சொல்வது? வியாபாரம் யாருடையது என்ற சந்தேகம் வந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும்.

"கடை உங்களுதா, அவருதா? எதுக்கு இந்த பர்மனென்ட்?" என்றார் அதிகாரி.

தனலட்சுமி தடுமாறவில்லை. "கடை என்னுதுங்க. அவரு பர்மனென்ட்டு அடுத்த வருஷத்தோட முடிஞ்சிடும் சார், என்னுது நீங்க எழுதிக் குடுத்தாத்தான் ஆரம்பிக்கும்."

எழுதிக் கொடுத்தார். வரி கட்ட விடுங்கள் என்று அலைந்து ஜெயித்த ஒருத்தியைப் பார்த்துவிட்டதால், வரி கட்டவே மாட்டேன் என்று வருகிறவர்களை இப்போதெல்லாம் வரிசையில் கடைசிக்கு அனுப்பிவிடுகிறேன்.