நாய் தேடிக் கொடுத்த ரிப்போர்ட்

கம்ப்யூட்டர் வகுப்பு முடித்து முதல் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: யாரும் கேட்காமல் விண்டோஸ் மாற்றாதீர்கள். நான் மாற்றினேன்.

1

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் கம்ப்யூட்டர் ஒப்பரேட்டராகச் சேர்ந்து மூன்று மாதம் முடியப் போகிற நேரம் அது. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தோட்ட மேனேஜரான தொரை கொழுந்து ரிப்போர்ட்டோடு கண்டி மீட்டிங்குக்குப் போக வேண்டும். அந்த வாரமே என் வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார். ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமையே டைப் செய்துவிட்டேன். பிரிண்ட் மட்டும்தான் பாக்கி.

சும்மா இருந்திருக்கலாம். சனிக்கிழமை மாத்தளையில் விண்டோஸ் எக்ஸ்பி சீடி கிடைத்தது. ரத்தோட்டை பஸ்ஸை மறித்துச் சோதித்த ஆமிக்காரர் சீடியை வெயிலில் திருப்பிப் பார்த்து, "சிந்துத?" என்றார். பாட்டா என்று கேட்கிறார். "ஓவ் சேர்" என்று ஆமாம் போட்டேன். எனக்கு அது பாட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமையே ஆபீஸ் சாவியை வாங்கித் திறந்து, எக்ஸ்பியைப் போட்டு முடித்தேன்.

2

திங்கட்கிழமை முதலில் பார்த்தவர் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்துக்காரர்; ஆபீசைக் கந்தோர் என்பார்.

"என்ன தம்பி இது, ஐஸ்பழ வண்டி மாதிரிக் கிடக்கு? இதென்ன கந்தோரோ, கலியாண வீடோ?"

கீழே நீலப் பட்டை, மூலையில் பச்சைப் பட்டன். நான் பெருமையாக நின்றேன். அவர் கண் மெல்லத் திரையெல்லாம் சுற்றியது. பழைய ஐகன் ஒன்றும் இல்லை. குப்பைக் கூடை மட்டும் தனியாக இருந்தது.

"ஐயோ, உள்ளதெல்லாத்தையும் குப்பைக்குள்ள போட்டிட்டியோ? ரிப்போர்ட் எங்கையடா?"

பழைய டெஸ்க்டொப்பில் விட்ட ரிப்போர்ட் எந்த ஃபோல்டருக்குள் போய் ஒளிந்ததென்று எனக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, மலையில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை உள்ளே வந்தார். திரையில் நீல வானம், பச்சை மேடு. அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம ஏழாம் நம்பர் மலைதானே? தேயிலைய யாருங்க புடுங்கினது?"

"அது வெளிநாட்டு மலைண்ணே."

"வெளிநாடோ, உள்நாடோ, ஒரு களை இருக்கா பாரு! எத்தன ஆள் போட்டானுங்க? தொரை பாத்தா என்னையில்ல புடிச்சி ஏசுவாரு? மொதல்ல அத மாத்துடா!"

வெளியே ஜீப் சத்தம் கேட்டது.

3

"ரிப்போர்ட் எங்க?" என்றார் தொரை. சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

"தேடுறேன் தொரை" என்று சேர்ச் பட்டனை அழுத்தினேன். திரையின் ஓரத்தில் எக்ஸ்பியோடு வரும் மஞ்சள் கார்ட்டூன் நாய் ஒன்று வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது.

"உந்த நாயைக் கலையடா!" என்று கிளாக்கர் காதில் சீறினார்.

"கிளாக்கர், சும்மா இருங்க" என்றார் தொரை. பங்களாவில் ஐந்து நாய் வளர்க்கிறவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நல்ல சாதி. என்ன பேரு?"

கணக்கப்பிள்ளை முந்திக்கொண்டு கைகட்டிச் சொன்னார்: "மணிங்க தொரை."

மணி காதைச் சொறிந்தது. தொரை சிரித்தார். நேரம் பத்தைத் தாண்டியது யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், பழைய டெஸ்க்டொப் ஃபோல்டரிலிருந்து ரிப்போர்ட் வந்து விழுந்தது.

"கெட்டிக்காரன்!" என்றார் தொரை. என்னையல்ல.

புதன்கிழமை கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். அடியில் தொரை பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்: நாயை மாற்றக் கூடாது.

நான் படித்த பாடம் இதுதான். சிஸ்டம் மாற்றும் முன் பழைய திரையை ஒரு தாளில் வரைந்து, எது எங்கே இருந்ததென்று குறித்துக்கொள்ளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். இன்று எந்த ஃபைல் எங்கே என்று எனக்கு அத்துப்படி. ஆனாலும் தொரை வருகிற நாளில் ரிப்போர்ட் ஒன்றைக் காணாமல் போக்கிவிடுவேன். மணி அதைத் தேடி முடிக்கும்வரை அவர் யாரையும் ஏசுவதில்லை.