சாத்தேக்கு அறுத்த கோழி

கோழி அறுக்க எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. விஷயம் அவ்வளவுதான். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு வந்த நல்ல சம்பந்தம் அதில்தான் போயிற்று.

வாப்பா உயிரோடுதான் இருந்தார். ஆனால் ஊரில் இருந்தார். தன் உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கப்பலேறிப் போனவர், அங்கே முதலில் கட்டியவளோடு அப்படியே தங்கிவிட்டார். எப்போதாவது கப்பலில் வருகிற யாரிடமாவது எங்களுக்கு சலாம் சொல்லி அனுப்புவார். அந்த சலாமை வாங்கி உலையிலா போடுவது? உம்மா ஒரு நாளும் அவரைக் குறை சொன்னதில்லை. அவளுக்கும் சேர்த்து நான் சொல்லிவிடுவேன்.

ஜாலான் புசார் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், சீனன் ஒருவனின் கடைக்குப் பின்கட்டில் குடியிருந்தோம். உம்மாவும் நானும் மட்டும். பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. அதில் கோழி வளர்த்தோம். அந்தக் கோழிகளின் கறியைக் குச்சியில் கோத்து உம்மா கரி நெருப்பில் சுடுகிற சாத்தேதான் எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே பெருமை. சந்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், "உங்க கையால கொஞ்சம் சாத்தே போட்டுக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள்.

அப்படி வந்து நின்றவர்களில் அவனும் ஒருவன். துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் எங்கள் பின்வாசலில் குந்தியிருந்து, குச்சி சூடு ஆறுவதற்குள் வாயில் வைத்து உதட்டைச் சுட்டுக்கொள்வான். பெரியவனான பிறகு உள்ளே வருவதில்லை. சந்தில் போகும்போது எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் மெதுவாக நடப்பான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? ரொம்பவே பிடித்திருந்தது.

அவன் உம்மாவே ஒரு நாள் வந்து, "எங்க பிள்ளைக்கு உங்க பொண்ணைக் கேக்கலாம்னு இருக்கோம். பெரியவரைக் கூட்டிட்டு வாறேன். வர்ற அன்னைக்கு வேற ஒண்ணும் செய்யாதீங்க, அந்த சாத்தே மட்டும் போதும்" என்றாள். பெரியவர் என்றது அவனுடைய பெரியவாப்பாவை, அவன் வாப்பாவின் அண்ணனை. அவன் வாப்பா மவுத்தான பிறகு அந்த வீட்டில் எல்லாம் அவர் சொல்தான். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் அவர் சொல்தான்.

உம்மா அன்று அழுதாள். சந்தோஷத்தில்தான். நான் அடுத்த சந்துக்குத்தானே போகப்போகிறேன், தன் கண் முன்னாலேயே இருப்பேன் என்பது ஒன்று. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர மருமகன் என்று ஒரு ஆண்பிள்ளை கிடைப்பான் என்பது இன்னொன்று. அவள் கேட்டது அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின நாளே வேலையைத் தொடங்கினோம். தென்னங்கீற்றிலிருந்து ஈர்க்கு சீவி, நுனியைக் கூராக்கி, தண்ணீரில் ஊறப்போட்டேன். ஊறாத குச்சி நெருப்பில் கறிக்கு முன்னால் தான் வெந்துவிடும். உம்மா கடலையை வறுத்துத் தோல் நீக்கி, உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடித்தாள். விடிந்ததும் அம்மியில் மசாலா. மல்லி, சீரகம், சோம்பு, மஞ்சள், சின்ன வெங்காயம், அதோடு செரைத் தண்டு. செரை என்பது எலுமிச்சை வாசம் அடிக்கிற புல். அதை மை போல அரைக்க வேண்டும். திப்பி இருந்தால் பல்லில் மாட்டி மானத்தை வாங்கும். எல்லாம் தயார். கோழி மட்டும் உயிரோடு கூடையில் கிடந்தது.

எங்களுக்கு எப்போதும் அறுத்துக் கொடுப்பவர் பள்ளிவாசல் லெப்பை. விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் வருகிறேன் என்றிருந்தார். வரவில்லை. நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால், தஞ்சோங் பகாரில் துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் மவுத்தாகிவிட்டாராம், விடியுமுன்னே வந்து லெப்பையை ரிக்‌ஷாவில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். மையத்தைக் குளிப்பாட்டி அடக்கிவிட்டு அவர் எப்போது திரும்ப? சந்தில் இருந்த நம்மவர்கள் எல்லாம் கடைக்கும் துறைமுகத்துக்கும் போயிருந்தார்கள். மீதி இருந்தவன் வீட்டுக்காரச் சீனன்தான்.

"அல்லாவே, இப்ப என்னடி செய்யிறது? இப்ப ஊறப்போட்டாத்தானே லுஹருக்கு அப்புறம் சுட முடியும்" என்று உம்மா கையைப் பிசைந்தாள்.

"நான் அறுக்கிறேன்" என்றேன்.

உம்மா என்னைப் பார்த்த பார்வை! நான் என்ன, ஆளையா அறுக்கப்போகிறேன் என்றேன்? சிறு வயதில் ஓதப்போன வீட்டில் ஆலிம்சாவின் வீட்டம்மா பாடம் சொல்லும்போது என் காதால் கேட்டிருக்கிறேன். புத்தி தெளிந்த முஸ்லிம், ஆணோ பெண்ணோ, அல்லாஹ்வின் பேர் சொல்லி முறையாக அறுத்தால் ஆகும். லெப்பை அறுக்கும்போதெல்லாம் சிறகையும் காலையும் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். கத்தி எங்கே படவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"ஆகும்னு எனக்கும் தெரியும்டி. பொம்பளை அறுத்து நம்ம ஊர்ல எங்க பார்த்திருக்கோம்?"

"கோழி பார்க்கட்டும். வேற யாரு பார்க்கப்போறா?"

முகம் கை கால் கழுவி ஒளு செய்தேன். கத்தியைத் தீட்டினேன். கோழியைத் தொழுகிற திசையான கிப்லாவுக்குத் திருப்பிப் பிடித்து, பிஸ்மி சொல்லி, ஒரே இழுப்பில் அறுத்தேன். அது அடங்கிய பிறகுதான் உடம்பெல்லாம் வேர்த்தது. அப்படியே இன்னும் மூன்று அறுத்தேன். உம்மா கூடையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வெந்நீரில் முக்கி இறகு பறித்து, கறியை எலும்பிலிருந்து எடுத்து, விரல் நுனி அளவுக்கு நறுக்கி, மசாலாவில் பிசைந்தோம். கொஞ்சம் தேங்காய்ப்பால், கொஞ்சம் பனைவெல்லம். குச்சியில் கோக்கும்போது தோலும் கொழுப்பும் ஒட்டின துண்டு ஒன்றை நடுவில் வைப்பாள் உம்மா. நெருப்பில் அந்தக் கொழுப்பு உருகி மற்றத் துண்டுகளைக் காயவிடாது. நான் கோத்தேன், அவள் அடுக்கினாள். சாதாரணமாக வேலை செய்யும்போது பாட்டுப் போல எதையாவது முணுமுணுப்பாள். அன்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு அடுக்கினாள்.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். பெரியவர் முன் அறையில் பாயில் உட்கார்ந்தார். அவன் உம்மா, எனக்கு மாமி, நேராக அடுப்படிக்கே வந்துவிட்டாள். நீளமான தகர அடுப்பில் கரி கனன்றது. நான் பனையோலை விசிறியால் விசிற, உம்மா செரைத் தண்டின் நுனியை நசுக்கி, அதைத் தூரிகை மாதிரி தேங்காய்ப்பாலில் தோய்த்துக் கறிமேல் தடவினாள். சொட்டுச் சொட்டாகக் கரியில் விழுந்து புகை எழும்பியது. மாமிக்குப் பொறுக்கவில்லை. அடுப்பிலிருந்தே ஒன்றை எடுத்து ஊதி ஊதித் தின்றாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"அடி ஆத்தாடி! என்ன ருசி, என்ன மணம்! கொடுத்து வச்சவன் எம்பிள்ளை" என்று என் கன்னத்தை வழித்து முத்தினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

உம்மா பெரிய சஹன் தட்டில் சாத்தேயை அடுக்கி, கடலைக் குழம்பும் வெள்ளரிக்காயும் வைத்து அனுப்பினாள். மாமி கொண்டுபோய்ப் பெரியவர் முன்னால் வைத்தாள். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். அவர் ஒரு குச்சியை எடுத்ததும், வாய்க்குள் பிஸ்மி சொன்னதும் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"ஆமா, லெப்பையைக் காலையிலருந்து தஞ்சோங் பகார்ல மையத்து வீட்டுலல்ல பார்த்தேன்? நானும் அங்கதானே இருந்தேன். அப்ப இங்க அறுத்தது யாரு?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சும்மா, பேச்சுக்குக் கேட்டார். உம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பொய் ஒன்று கிளம்புவதைக் கண்டேன். என் உம்மா பொய் சொல்லத் தெரியாதவள். "பக்கத்து வீட்டு..." என்று இழுத்தாள்.

பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்? சீனன் இருக்கிறான். அவன் அறுத்தான் என்றா சொல்லப்போகிறாள்?

நான் வாய் திறந்ததற்கு அது ஒரு காரணம்தான். உண்மையான காரணம், எனக்குப் பொறுக்கவில்லை. அல்லாஹ்வின் பேரைச் சொல்லி அறுத்திருக்கிறேன். அதை எதற்குத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளிக்க வேண்டும்?

"நான்தான் அறுத்தேன்" என்றேன். திரையைத் தாண்டிக் கேட்கும்படியாகவே சொன்னேன்.

குச்சியைச் சஹனில் திரும்ப வைக்கிற சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"பொண்ணா அறுத்துச்சு?" என்றார் மாமியிடம். என்னிடம் அல்ல. "அந்தப் பேச்சும் பொண்ணோட பேச்சா?"

மாமி அடுப்படிக்கு ஓடி வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேராகத் தொட்டிக்குப் போய், தண்ணீர் மொண்டு, வாயைக் கொப்புளித்துத் துப்பினாள். திரும்பத் திரும்பக் கொப்புளித்தாள். சற்று முன்னால் என் கன்னத்தை முத்தின வாய் அது.

அவர்கள் போன பிறகு உம்மா அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரே ஒரு வார்த்தை. நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா போதுமேடி" என்றாள். அவளும் அந்தச் சாத்தேயைத் தொடவில்லை. நான் சஹனை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, வயிறு வலிக்கிற வரைக்கும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு லெப்பை வந்தார். குடையை மடக்கிக்கொண்டு பின்வாசலிலேயே நின்றார். சேதி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. "கூடும்மா. பொம்பளை அறுத்தாலும் கூடும். ஒரு தப்பும் இல்ல. நீ மனசைப் போட்டு அலட்டிக்காத" என்றார்.

"இதை அங்க வந்து சொல்லுங்க மாமா. இப்பவே போவோம்."

அவர் குடையைத் திறந்தார், மூடினார். "நான் சொல்லி என்னம்மா ஆவப்போவுது. அவங்க பெரிய மனுசங்க" என்றார். அந்தப் பெரிய மனிதர் நினைத்தால் பள்ளிவாசலுக்கு வேறு லெப்பை வந்துவிடுவார். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. "அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் முன்னமே தெரியுமே" என்று கதவைச் சாத்தினேன்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேறு ஆள் மூலம்தான் பதில் வந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பெண் எடுப்பதாக இல்லையாம். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததுபோல. சந்தில் எனக்கு "கத்திக்காரி" என்று பேர் விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் எங்களிடம் சாத்தே கேட்டு வரவில்லை. உம்மாவுக்கு அது என் கல்யாணம் நின்றதைவிடப் பெரிய அடி. தன் கையால் ஆன ஒரே காரியத்தையும் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

இவ்வளவு நடந்தும் நான் அவன்மேல் நம்பிக்கை வைத்திருந்தேன். பைத்தியம்தான். பெரியவருக்குப் பயந்து சும்மா இருக்கிறான், என்றைக்காவது பின்வாசலுக்கு வந்து நிற்பான் என்று நினைத்தேன். வேறு இடத்தில் அவனுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகும் நினைத்தேன்.

மழைக்காலம் முடிகிற சமயம். உம்மாவும் நானும் தேக்கா சந்தைக்குப் போய்விட்டு, பொழுது சாய ஜாலான் புசார் வழியாக வந்துகொண்டிருந்தோம். சாலையோரத்தில் ஒரு ஜாவாக்காரன், அவனும் முஸ்லிம்தான், அடுப்பும் கூடையும் தொங்கிய காவடியை இறக்கிவைத்துச் சாத்தே சுட்டுக்கொண்டிருந்தான். முன்னால் சின்ன முக்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளை எனக்கு அடையாளம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் பக்கத்தில் வெறும் குச்சிகள் குவிந்து கிடந்தன.

உம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டுப் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவனுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"யாரு அறுத்தது?"

குரலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினான். வாய் நிறையக் கறி. மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஜாவாக்காரனிடம் மலாயில் அதையே கேட்டேன், யார் அறுத்த கோழி என்று.

"பினி சாயா லா" என்றான் அவன், விசிறுவதை நிறுத்தாமல். என் பெண்சாதிதான் என்று அர்த்தம். பிறகு சிரித்துக்கொண்டே, தினமும் அவள்தான் அறுக்கிறாள், தனக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது என்றான்.

துணிக்கடைக்காரர் பிள்ளை வாயில் இருந்ததைத் துப்புவான் என்று பார்த்தேன். துப்பவில்லை. மெதுவாக மென்று விழுங்கினான். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு, அத்தனை மாதத்துக்குப் பிறகு, என்னிடம் பேசினான். குரலைத் தணித்துக்கொண்டு பேசினான்.

"பெரியவாப்பாகிட்ட சொல்லிடாத."

உம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்த்தபோது அவன் அடுத்த குச்சியை எடுத்துக் கடலைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான்.