லாபமில்லாத பக்கத்தில் பேசியவர்

அன்று காலை கண் விழித்ததும் நான் முதலில் செய்தது செலின் அக்காவுக்குப் போன் போட்டதுதான். பல்கூடத் துலக்கவில்லை. கோலாலம்பூரில் எங்கள் சரக்கை வாங்கியவர் அனுப்பிய செய்தி கைப்பேசியில் காத்திருந்தது. எங்கள் கப்பலூர்ப் பட்டறையில் செய்த பம்பு வாஷர்கள், மாதிரிக்கென்று அனுப்பிய சிறு சரக்கு, அந்த நாட்டுச் சுங்கத்தைத் தாண்டிவிட்டது. ஒப்பந்தச் சலுகை கிடைத்துவிட்டது. வரி இல்லை. எடுத்ததும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நின்றேன். "அக்கா, நான் தோத்துட்டேன். ஒங்க அணிதேன் செயிச்சிருச்சு."

போனை எடுத்தது அவருடைய தம்பி ஸ்டீபன். ஒரு கல்யாணத்துக்காக முந்தின நாள்தான் குமரி மாவட்டத்திலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தார்.

"டீச்சர், அக்கா மரிச்சாச்சு," என்றார். "விடியதுக்கு முன்னால நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு."

உடனே திருநகரில் இருந்த அவருடைய வீட்டுக்கு ஓடினேன். அன்று திருநகர் வீட்டிலும், மாதா கோயிலிலும், கல்லறைத் தோட்டத்திலும் நான் அழுதேன் என்பது உண்மை. ஆனால் அழுகையைவிட அதிகமாக இருந்தது அந்தச் செய்தியை அவரிடம் சொல்ல முடியாத தவிப்பு. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். "நெசமாவா பிள்ளே?" என்று கேட்டுவிட்டு, போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு கைதட்டு தட்டியிருப்பார். நல்ல வாதம் கேட்டால் அவர் அப்படித்தான் தட்டுவார். எதிரணி வாதமாக இருந்தாலும்.

இந்த இதழில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை, நானும் பாடம் நடத்தும் எங்கள் கல்லூரியின் பொருளியல் ஆசிரியராக அறிந்திருப்பீர்கள். இன்னும் பலர் எங்கள் இருவரையும் பட்டிமன்ற மேடைகளில் ஜோடியாகப் பார்த்திருப்பீர்கள். கோயில் திருவிழா, வியாபாரிகள் சங்க ஆண்டு விழா, எங்கே கூப்பிட்டாலும் போனோம். எதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டாலும், எங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வைத்தது ஒரே தலைப்புதான். பக்கத்து நாடுகள் சேர்ந்து ஒருவர் சரக்குக்கு ஒருவர் வரியைக் குறைத்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் நமக்கு நன்மையா, தீமையா? செலின் அக்கா எப்போதும் நன்மை அணி. நான் எப்போதும் தீமை அணி. ஏன் அப்படி என்று எங்களை யாரும் கேட்டதில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதல் தடவை மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரிகள் சங்கம் கூப்பிட்டபோது, மண்டபத்துக்கு எதிரில் இருந்த டீக்கடையில் யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். நான் நன்மை அணியைக் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஒங்க வீட்டுக்கு எதுல லாபம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஒன் வீட்டுக்காரர் ரப்பர் பட்டறை வச்சிருக்கார்லா? வெளிநாட்டுக் கலவை ரப்பர் மலிவா வருது. அது ஒங்களுக்கு லாபம். எங்க ஊர்ல அதனாலதான் ரப்பர் ஷீட்டு வெலை எறங்கிக் கெடக்கு. தம்பி மரத்தை வெட்டலாமா வேண்டாமான்னு நிக்கான். அப்ப நீ நன்மைன்னு பேசுனா அது வாதமில்லை பிள்ளே, விளம்பரம். நான் தீமைன்னு பேசுனா அது பொலம்பல். மாத்திப் பேசுவோம்."

அதுதான் எங்கள் விதி. எந்தப் பக்கத்தில் உன் வீட்டுக்கு லாபமோ அந்தப் பக்கத்தில் பேசாதே. நடுவர்களுக்குக்கூட இது தெரியாது.

அன்று அவர் பேசி முடிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு எண்ணெய் வியாபாரி எழுந்தார். "டீச்சரம்மா, நன்மை நன்மைங்கிறீகளே, கன்னியாகுமரிப் பக்கம் ரப்பரு போட்டவெங்கெ கதி என்னன்னு போய்ப் பாத்திருக்கீகளா?"

"பாத்திருக்கேன்ணே," என்றார் செலின் அக்கா. "எங்க தம்பிதான் போட்டிருக்கான்."

அந்த வியாபாரியே முதலில் கைதட்டினார். எதிரணி என்றாலும் எங்கள் எல்லோருக்கும் ஒரே நீள மேஜைதான் போட்டிருந்தார்கள். என் முறை வந்தபோது, என் வீட்டுச் சோறு எதிலிருந்து வருகிறதோ அதையே எதிர்த்து, அதுவரை பேசாத வேகத்தில் பேசினேன். ரப்பரைத் தனியாகக் கொண்டுவந்தால் சலுகை இல்லை, கொஞ்சம் வேறு சரக்கைச் சேர்த்துக் கலவை என்று சொன்னால் சலுகை உண்டு என்பதை முழுசாகப் படித்துப் புரிந்துகொண்டதே அந்த மேடைக்காகத்தான். அதை நான் சொல்லச் சொல்ல, அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மெல்ல மிதித்தார். நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

வகுப்பறையில் அவர் பாடப்புத்தகத்தை அதிகம் திறந்ததில்லை. ஒருமுறை நான் அவருடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். "மச்சான் மளிகைக் கடை தொறந்திருக்கான். அடுத்த தெருக் கடையில பருப்பு நல்லாருக்கும், வெலையும் கொறவு. ஆனாலும் மச்சான் கடையிலதான் வாங்குவோம். அது ஒப்பந்தத்தோட ஒரு முகம். ஒறவுக்காக, நல்ல சரக்கை விட்டுட்டுச் சுமாரான சரக்கை வாங்குறோம்," என்றார்.

ஒரு பெண் எழுந்து, "மச்சான் கடையில பருப்பும் நல்லாருந்தா மேம்?" என்றாள்.

"அப்ப ஒனக்கு யோகம். அது ரெண்டாவது முகம். ஆனா அடுத்த தெருக் கடைக்காரன் என்ன ஆனான்னு யாரு கேப்பா? அது மூணாவது முகம்." கரும்பலகையில் 'யாருக்கு?' என்று ஒரே ஒரு சொல்லை எழுதினார். "நாட்டுக்கு நல்லதான்னு எவனாவது கேட்டா, இதைத் திருப்பிக் கேளு. நாடுன்னு ஒரு ஆளு கெடையாது. பயிர் போட்டவன் இருக்கான், பட்டறைக்காரன் இருக்கான், வாங்குறவன் இருக்கான்."

இனி எங்கள் பட்டறைக்கு வருகிறேன். என் கணவர் முருகேசன் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். பிடிவாதமான உழைப்பாளி. ரப்பரைப் பிரஸ் இயந்திரங்களில் அழுத்தி மோட்டார் பம்புகளுக்கான வாஷர் செய்கிறோம். கலவை ரப்பர் மலிவாக வந்த அதே வழியில், செய்து முடித்த வாஷர்களும் மலிவாக வரத் தொடங்கின. கோயம்புத்தூரில் எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மூலப்பொருளில் கிடைத்த லாபம் சந்தையில் போனது. "பிரஸ்ஸை எல்லாம் வித்துப்புட்டு, வெளிநாட்டு வாஷரை வாங்கி நம்ம டப்பாவுல போட்டு வித்துருவோம்," என்று இவர் சொல்ல ஆரம்பித்தார். பட்டறையில் வேலை செய்பவர்களில் பாதிப்பேர் இவருடைய ஊர்க்காரர்கள். அவர்களுடைய முகத்தைப் பார்க்காமலேதான் சொல்வார்.

இதை ஒரு மாலை செலின் அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி என்னை உலுக்கியது. "கதவு ரெண்டு பக்கமும் தொறக்கும்லா? அவன் வரி இல்லாம இங்க வாறான். நீங்க வரி இல்லாம அங்க போனீங்களா?"

மேடை மேடையாக அந்த ஒப்பந்தத்தைத் திட்டிய நான் இதை யோசித்ததே இல்லை. இவரிடம் கேட்டேன். ஒருமுறை அனுப்பினார்களாம். சலுகை கிடைக்கவில்லையாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அக்கா பட்டறைக்கே வந்துவிட்டார். "வரி இல்லாம போகணும்னா, சரக்கு நம்ம நாட்டுல பொறந்ததுன்னு சான்று வேணும். அதை ஏன் தரலை?"

"அதேன் தெரியல டீச்சரு," என்றார் இவர். "டப்பாவுல மீனாட்சியம்மன் கோபுரம் படம் போட்டுருக்கோம். மதுரைன்னு கொட்ட எழுத்துல இருக்கு. இதுக்கு மேல என்ன அத்தாச்சி வேணுங்கிறான்?"

செலின் அக்கா சிரித்த சிரிப்பில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணே, நானும் மதுரையிலதான் இருக்கேன், கோபுரத்தைத் தெனமும் பாக்கேன். ஆனா ஞானஸ்நானம் எந்தக் கோயில்லன்னு கேட்டா எனக்க ஊர்ப் பேரைத்தான் சொல்லணும். ஒங்க வாஷருக்கு ரப்பர் எங்க பொறந்துச்சு?"

"சென்னையில ஒரு ஏவாரிகிட்ட வாங்குறது."

"அவரு எங்க வாங்குனாரு?"

இவர் தலையைச் சொறிந்தார். "அதை எங்குட்டுப் போய்க் கேக்க?"

அதுதான் சிக்கல். மலிவு என்று வாங்கிய கலவை ரப்பருக்குப் பிறப்பிடச் சான்று எதுவும் இல்லை. அது எந்த நாட்டு ரப்பர் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் வாஷரில் நம் நாட்டுப் பங்கு எவ்வளவு என்று காட்ட முடியவில்லை. மூலப்பொருளில் மிச்சம் பிடிக்கப் போய், வெளிச் சந்தையின் வாசலை நாங்களே அடைத்து வைத்திருந்தோம். "ஒப்பந்தத்தால நட்டம்னு எல்லாரும் சொல்றோம்லா? அதுல பாதி, நாம தட்டாத கதவு," என்றார். என் பேச்சில் இதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஒன் அணிக்கு இது ஆகாது. எனக்கு வேணும்," என்றார்.

அதற்குப் பின் வந்த மாதங்களில் இருந்ததுபோல் நான் எப்போதும் பரபரப்பாக இருந்ததில்லை. மூலையில் துணி போட்டு மூடிக் கிடந்த, ரப்பரை நாங்களே கலக்கும் மிக்ஸிங் மில்லைத் திரும்ப ஓட்டினோம். ரப்பர் ஷீட்டைக் குமரி மாவட்டத்தில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்திடம் வாங்கினோம். எந்தச் சங்கம் என்று முகவரி கொடுத்தது செலின் அக்காதான். சாயங்காலங்களில் கல்லூரி முடிந்ததும் என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து கப்பலூருக்கு வருவார். திருமங்கலம் சாலை நெடுக, லாரிச் சத்தத்துக்கு மேலே, பின்னாலிருந்து பிறப்பிடச் சான்றுக்கான விதிகளை ஒப்பிப்பார். சந்தேகம் கேட்டால் ஹெல்மெட்டில் தட்டி, "ரோட்டைப் பாரு," என்பார்.

இவருக்கு நம்பிக்கை வரவில்லை. "டீச்சர்மாரு ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏத்துமதியாளரா ஆக்கப் போறீகளாக்கும்," என்று கிண்டல் செய்தார். ஊர் ஷீட்டு விலை கூடுதல் என்று முனகினார். அது பொய்யில்லை. வரி மிச்சமானால்தான் கட்டுப்படியாகும். ஆகாது என்று தீர்மானித்து, பிரஸ் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள ஒருவரையும் பேசி வைத்துவிட்டார். அதைக் கேட்ட அன்று செலின் அக்கா முதன்முறையாக இவரிடம் கோபப்பட்டார். "விக்கிறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான் அண்ணே. செய்யறதுக்குத்தான் ஆளில்லை. சரக்கு போய்ச் சேர்ற வரைக்காவது பொறுங்க." இவர் எழுந்து பிரஸ் பக்கம் போய்விட்டார். பொறுக்கிறேன் என்று சொல்லவில்லை.

சரக்கு போய்ச் சேர்ந்தது. அக்காதான் இல்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது ஸ்டீபன் என்னுடன் வாசல் வரை வந்தார். ஏதாவது பேச வேண்டும் என்று அந்தச் செய்தியை அவரிடம் சொன்னேன். அழுத கண்ணோடு சிரித்தார். "அக்காளுக்குத் தெரிஞ்சா குதிச்சிருப்பா," என்றார். பிறகு சொன்னார், "எனக்க ஷீட்டையும் வாங்கச் சொல்லுன்னு நான் அவகிட்ட கேட்டேன் டீச்சர். ஒனக்க பேரையே அங்க எடுக்கப்பிடாதுன்னு பறஞ்சிட்டா. வேற சங்கத்துக்க அட்ரஸைக் குடுத்திருக்கா. நான் ஒரு வாரம் அவகூடப் பேசல்லை."

அத்தனை மாதங்கள் என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தவர், தன் தம்பி மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் பட்டறைக்கு ரப்பர் தேடிக் கொடுத்தவர், தம்பி பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மேடைக்கு மட்டும்தான் அந்த விதி என்று நான் நினைத்திருந்தேன்.

அவருடைய புத்தகங்களைக் கல்லூரி நூலகம் எடுத்துக்கொண்டது. நான் எதையும் கேட்கவில்லை. டீக்கடையில் அவர் கேட்ட கேள்வியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஒங்க வீட்டுக்கு எதுல லாபம்? புதிதாக ஓர் ஒப்பந்தம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது வேண்டும், கூடாது என்று யாராவது உறுதியாகச் சொல்லும்போதெல்லாம், அந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டுக்கொள்கிறேன். பதில் பெரும்பாலும் சங்கடமாகவே இருக்கிறது. அதன் பிறகுதான் யோசனை தெளிகிறது.

சிம்மக்கல் சங்கத்திலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். நன்மை அணிக்கு வேறு ஆள் போட்டுக்கொள்வார்களாம். வரி இல்லாமல் சரக்கு போகத் தொடங்கிவிட்டதால், எங்கள் வீட்டுக்கு இப்போது லாபம் முன்னைவிடக் கூடுதல். அதனால் நான் தீமை அணியிலேயே பேசுவேன். முன்னைவிட உரக்கப் பேசுவேன். மேஜைக்கு அடியில் மிதிக்கத்தான் ஆளில்லை.

இன்னொன்று. பட்டறை எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் பிரஸ்ஸை விற்க முடியாது. ஒரு மாதிரிச் சரக்கை நம்ப முடியாது என்று இவர் விற்கும் முடிவை மாற்றவில்லை; வாங்குகிறவர் வருகிற வெள்ளிக்கிழமை பத்திரத்தோடு வருகிறார். எங்கள் கே.கே. நகர் வீட்டில் காபி கொடுத்து உட்கார வைப்பேன். கையெழுத்துப் போட மாட்டேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்த இதழ் வீட்டுக்கு வந்ததும் இவர் எப்போதும்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார். இந்தக் கட்டுரை இருப்பது முன்பக்கங்களில்; இந்த இடத்துக்கு வந்து சேர அவருக்குக் கொஞ்ச நேரமாகும்.