தாய்மாமன் வாங்கிய லென்ஸ்

அக்காவுக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்தவன் என் மருமகன். பழனிக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அதுவரை அவன் தலையில் கத்தி பட்டதில்லை. சுருட்டை முடி காதை மூடித் தொங்கும். மொட்டைக்கு நாள் குறித்ததும் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"மொதக் கத்தி வைக்கிறப்ப அந்தச் சுருட்டையோட ஒரு படம் எடுத்துக் குடுடா. செல்போன்ல எடுத்தா அதுக்குள்ளயேதான் கெடக்கும். எனக்குச் சுவத்துல மாட்டணும்."

கொடைக்கானலில் ஓர் ஓட்டலின் வரவேற்பில் எனக்கு வேலை. லீவு கிடைத்தால் மிரர்லெஸ் கேமராவோடு கிளம்பிவிடுவேன். அதோடு வந்த லென்ஸ் மலையையும் மேகத்தையும் நன்றாக எடுக்கும், மொட்டை மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் பல்லிளித்துவிடும். குறைந்த வெளிச்சத்துக்குத் தோதான ஒன்று வேண்டும், அதுவும் விரலுக்குத் தகுந்த வீக்கமாக.

பஜாரில் கேமரா கடை வைத்திருக்கும் பாய் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தானே ஃபோகஸ் பிடிப்பது. மற்றதில் வளையத்தை நாம்தான் கையால் திருக வேண்டும். விலை பாதிகூட இல்லை, படமோ அத்தனை அழகு.

"இது கை பழகுன மாடு மாதிரிங்க. ஆள் மாறுனா பால் தராது. வேற யாருகிட்டயும் கேமராவைக் குடுக்க மாட்டீங்கள்ல?" என்றார்.

"நான் குடுத்துட்டாலும்!" என்று சிரித்துக்கொண்டே அதையே வாங்கினேன். பூம்பாறை பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்கள் முகத்திலெல்லாம் திருகித் திருகிப் பழகினேன். கெட்டிக்காரத்தனமாக வாங்கிவிட்டதாக ஏக மிதப்பு.

மண்டபத்தில் பிள்ளையின் தலையை நனைத்துவிட்டு முடியிறக்குபவர் கேட்டார்: "தாய்மாமன் யாருங்க? வெரசா உக்காருங்க, பிள்ளைய மடியில வைங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமன் மடியில்தான் மொட்டை என்பது ஊருக்கே தெரியும். லென்ஸ் யோசனையில் அந்த மாமன் நான்தான் என்பதை மறந்து தொலைத்திருக்கிறேன்! அக்காவுக்கோ முகம் வாடிவிட்டது.

அவளையே பிள்ளையோடு என் இடத்தில் உட்காரவைத்தேன். எதிரே நின்று அந்தச் சுருட்டைக்கு ஃபோகஸைத் திருகி, கேமராவை அவள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "மச்சான், இந்த எடத்த விட்டு அசையாதீங்க. பட்டனை மட்டும் அமுக்குங்க." பிறகு பிள்ளையை என் மடியில் வாங்கிக்கொண்டேன்.

கத்தி பட்டதுமே அவன் வீறிட்டான். மச்சான் ஓரடி முன்னால் வந்து அமுக்கினார்.

கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தேன். அவர் முன்னால் வந்ததில் ஃபோகஸ் ஓரடி பின்னுக்குத் தள்ளிப்போய், சுருட்டை முடி பஞ்சாகக் கலங்கியிருந்தது. அதற்குப் பின்னால் என் முகம் மட்டும் இமை முடிவரை தெளிவாக விழுந்திருந்தது.

"ஒரு எடத்துல நிக்க முடியாதா மச்சான்?" என்று எரிந்து விழுந்தேன்.

"பிள்ள அழுவுறான், எப்படி நிக்கிறது?" என்றார்.

அக்காவிடம் கேமராவை நீட்டவே கூச்சமாக இருந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"சுருட்டை மொளைச்சுக்கிரும்டா. எம்புள்ளையோட சேந்து நீயும் அழுதிருக்க பாரு. இதையே பெருசாக்கிக் குடு."

அப்போதுதான் படத்தில் என் கண்களைப் பார்த்தேன். அந்த மலிவு லென்ஸுக்கும், சொன்ன இடத்தில் நிற்காத மச்சானுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் முடி மட்டும் தெளிவாக விழுந்திருக்கும். நான் அழுதது எனக்கே தெரிந்திருக்காது.