மருமகனும் மாட்டு ஏப்பமும்

ராஜபாளையத்து நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனான ஜோயல் கறியை விட்டு மூன்று வருடமாகிறது. சாமிக்காக விட்டிருந்தால் ஊர் கும்பிட்டிருக்கும். உடம்புக்காக என்றால் டாக்டர் யாரென்று விசாரித்திருக்கும். அவனோ பூமிக்காக என்றான். தீவனம் விளைக்கக் காடு அழிகிறதாம். மாட்டின் ஏப்பம்கூட பூமியைச் சுடுகிறதாம். அதனால் பாலும் கிடையாது, கடுங்காப்பிதான். இதையெல்லாம் கேன்டீனில் விளக்கிவிட்டு, புகை கக்கும் பழைய புல்லட்டில் வீட்டுக்குப் போவான்.

கல்யாணத்துக்கு முன்பே ஷெரினிடம் சொல்லிவிட்டான். அவளுக்குத்தான் அம்மாவிடம் சொல்லத் துணிவில்லை.

மறுவீட்டு விருந்துக்கு ஷெரினின் ஊரான மடவார் வளாகம் போனபோது, முற்றத்தில் சேவல் கட்டிக் கிடந்தது. மருமகன் வாசல் மிதித்த பிறகே அறுப்பது அந்த வீட்டு வழக்கம். மாமியார் பரிபூரணம் அரிவாள்மனையோடு வந்தாள்.

"கறி வேண்டாம் அத்தை. ஒரு கிலோ கறிக்கு எம்புட்டுத் தண்ணி செலவாகுது தெரியுமா?"

"தண்ணிக்கென்ன மாப்ள, நம்ம வீட்டுல போர் இருக்குல்ல!"

பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "ஏட்டி பரிபூரணம், மருமகன் மாலை போட்டிருக்காராக்கும்?"

"சிலுவை மாட்டுன வேதக்கார வீட்டுல என்னட்டி மாலை?" என்று சீறியவள் அடுக்களைக்குள் போனதும் உடைந்துவிட்டாள். மருமகன் சேவலைத் தொடவில்லையென்றால் பெண் வீட்டோடு சண்டை என்றுதான் அர்த்தம். அவள் நாத்தனார் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது. "அவியளுக்கு ஒம்மேல என்ன கொறைட்டி? மறைக்காமச் சொல்லு" என்று ஷெரினைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கொறையும் இல்லம்மா. அவிய சைவம், அம்புட்டுத்தான்."

கூடத்தில் இருந்த ஜோயலுக்கு எல்லாம் கேட்டது.

அடுத்த ஒரு மணி நேரம் அடுக்களை அதிர்ந்தது. சைவம் என்றால் பரிபூரணத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கோயில் பக்கத்து வீட்டுச் சாப்பாடு. இலையில் பருப்பு நெய்யில் மிதந்தது. மோர்க்குழம்பு, கெட்டித் தயிர், பால் பாயசம். கடைசியாக, கடைத்தெருவிலிருந்து சூடாக வாங்கிவந்த பால்கோவா. இலை முழுக்க மாடு.

ஜோயல் வாயைத் திறந்தான். ஏப்பத்தின் விளக்கம் தொண்டை வரை வந்துவிட்டது. கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி, இதையும் வேண்டாம் என்பானோ என்று அவன் முகத்தையே பார்த்து நின்றாள் பரிபூரணம்.

"இன்னும் கொஞ்சம் வைங்க, அத்தை."

மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பரிபூரணம் சிரித்துக்கொண்டே போய்ச் சேவலை அவிழ்த்துவிட்டாள். அது நன்றி சொல்லாமல் சுவரேறி வெள்ளத்தாய் வீட்டுக்குப் போயிற்று.

சாயங்காலம் புல்லட்டை உதைக்குமுன் ஜோயல் நீளமாக ஓர் ஏப்பம் விட்டான். பால்கோவாப் பொட்டலத்தோடு பின்னால் ஏற வந்த ஷெரின் கேட்டாள்: "இதுவா, வண்டிப் பொகையா? பூமிக்கு எது கெடுதல்?"

"பேசாம ஏறுட்டி."