கெயர் ஒஃப் டொலறஸ்

லெஸ்லி செய்த பிழையை இந்த லண்டனில் வேறு எவரும் செய்திருக்க மாட்டார்கள். மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவர்கள் மாதிரிப் பெயர் ஒன்று தேவையென்றால், வாயில் வந்த பொய்ப் பெயரை எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். இந்த மனுசன் உண்மைப் பெயரை எழுதினார், அதுவும் விலாசத்தோடு.

நமக்குப் பதிலாகச் சாமான் வாங்கவும் பயணச்சீட்டுப் பதியவும் இப்போது ஏஐ முகவர்கள் வந்துவிட்டார்கள் அல்லவா? கடைகளில் அவர்களுக்கும் வாடிக்கையாளர் கணக்கு வேண்டும். அதைத் திறந்து கொடுக்கிற மென்பொருளுக்குத்தான் லெஸ்லி கையேடு எழுதிக்கொண்டிருந்தார். நாலாம் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்த முகவருக்குப் பொறுப்பான மனிதர் யார், விலாசம் என்ன? அந்த விலாசத்துக்குத் தபாலில் ஓர் எண் போகும். அதைப் பதிந்தால்தான் கணக்கு முழுதாகத் திறக்கும்.

அந்தக் கேள்வியைப் பார்த்ததும் லெஸ்லிக்குப் பழைய காலம் ஞாபகம் வந்தது. தொண்ணூற்றொன்பதில் மன்னாரிலிருந்து வந்து இறங்கியபோது அவரிடமும் இதைத்தானே கேட்டார்கள்! நூலக அட்டைக்கு விலாசம், டொக்டருக்கு விலாசம், வங்கிக்கு விலாசம். ஐந்து பேர் முறைவைத்துப் படுத்த அறையின் சொந்தக்காரனோ, கடிதம் கிடிதம் இங்கே வரக்கூடாது என்றுவிட்டான். மனோர் பார்க்கில் ஞாயிறு பூசை முடிந்து நின்ற டொலறஸ் அக்கா, சொந்தமுமில்லை பந்தமுமில்லை, "என்ர விலாசத்தைக் குடு தம்பி. உன்னோட சேத்துப் பன்னிரண்டு பேரின்ர கடிதம் அங்கதான் வருது" என்றார்.

அவர் வீட்டு வாசலில் ரொபி இனிப்பு வந்த பெரிய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். ஒவ்வொருவர் கடிதத்தையும் தனித்தனியாக றப்பர் வளையம் போட்டு அதற்குள் வைப்பார். ஒன்றையும் உடைத்துப் பார்க்க மாட்டார். பிறகு போன் வரும்: "கடிதம் கிடக்கு, புட்டும் கிடக்கு, வா." அந்தக் காலத்தை நினைத்தால் லெஸ்லிக்கு இன்றைக்கும் கண் கலங்கும். இந்த ஊரில் தன்னையும் ஒரு வீட்டு ஆளாகக் காட்டியது அந்தக் கடித உறைகள்தான் என்பார்.

கை தன்பாட்டில் டொலறஸ் அக்காவின் பெயரை எழுதியது. பிறகு மாற்றலாம் என்று நினைத்தார், மறந்துபோனார். பக்கம் வெளியாகிவிட்டது. மென்பொருள்காரர் கையேட்டை வாசிப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? மாதிரியை அப்படியே எடுத்து ஒட்டுவார்கள்.

லெஸ்லியின் ஒப்பந்தம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது அக்காவின் போன் வந்தது.

"தம்பி, புதுசா ஆக்கள் வந்திருக்கினம் போல. உன்ர கொம்பனிப் பேர் போட்டு ஒன்பது கடிதம். நீயோ என்ர விலாசத்தைக் குடுத்தது?"

லெஸ்லி விழுந்தடித்து ஓடினார். எண்பது வயது அக்கா தகரத்தைத் திறந்து காட்டினார். 'முகவர் மூன்று, கெயர் ஒஃப் டொலறஸ்', 'முகவர் ஏழு, கெயர் ஒஃப் டொலறஸ்' என்று ஒன்பது உறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு றப்பர் வளையம்.

"பாவங்கள், பேர்கூட வைக்கேல்லை, நம்பர்தான். ஒருத்தரும் வந்து எடுக்கவுமில்லை."

"அக்கா, உதுகள் ஆக்களில்லை. மெசின்."

"ஆரெண்டாலும் கடிதம் வந்தா எடுத்து வைக்கத்தானே வேணும்?"

எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படியொரு சந்தோசம்! லெஸ்லியோ யோசித்தார். பக்கத்தைச் சத்தமில்லாமல் திருத்த ஐந்து நிமிடம் போதும், ஒருவருக்கும் தெரியவராது. ஆனால் அந்த ஒன்பது கணக்குக்கும் அக்காதான் பொறுப்பு என்று பதிவாகிவிட்டதே. அவை நாளைக்கு ஏதும் குழறுபடி செய்தால் இந்தக் கிழவியிடம்தான் வந்து கேட்பார்கள். அதை நீக்க லெஸ்லியின் மேலாளர் ஹம்சினியால்தான் முடியும். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா இல்லையா என்பதும் அதே ஹம்சினியின் கையில்தான் இருந்தது. இங்கேயே பிறந்த பிள்ளை, கூட்டத்தில் 'லெஸ்லி' என்பாள், தனியே 'அங்கிள்' என்பாள்.

மறுநாள் காலையே அந்த ஒன்பது உறைகளையும் எடுத்துக்கொண்டு போய் அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஐயோ அங்கிள், உண்மையான ஆளின்ர அட்ரஸா? நான் இதை மேல சொல்லாம இருக்க ஏலாது."

"சொல்லு பிள்ளை. முதல்ல அவவின்ர பேரை எடுத்துவிடு."

அன்று மாலைக்குள் ஒன்பதிலும் பெயரை எடுத்து, கையேட்டுப் பக்கத்தையும் திருத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல லெஸ்லிக்கு மனம் வரவில்லை. கோபமெல்லாம் தன் மேல்தான். இருபது வருடமாக எழுதுகிற மனுசன், இப்படியும் ஒரு மடைத்தனம் செய்வானா?

ஞாயிறு பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனார்.

"தம்பி, இந்தக் கிழமை ஒண்டும் வரேல்லை. அதுகளுக்கு இடம் கிடைச்சிட்டுதோ?"

"ஓம் அக்கா. எல்லாருக்கும் கிடைச்சிட்டுது."

"அப்ப நல்லம். உன்ர முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

வேலை போனதைச் சொன்னார். அக்கா ஐயோவென்று கத்தவில்லை. தகரத்தைத் திறந்து பார்த்தார், வெறுமையாக இருந்தது. புது றப்பர் வளையம் ஒன்றை எடுத்து அதற்குள் போட்டார்.

"வேலைக்கு எழுதேக்க என்ர விலாசத்தைக் குடு. வந்தா எடுத்து வைக்கிறன்."

லெஸ்லிக்கு ஈஸ்ற்ஹாமில் சொந்த வீடு இருக்கிறது, கதவில் கடிதம் போடத் துவாரமும் இருக்கிறது.

"ஓம் அக்கா," என்றார், "குடுக்கிறன்."