ஹஷ்மி தேர்ந்தெடுத்த காவல்

ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து காபெஸ் போகும் சாலையில் ஹாஜி தௌஃபீக்கின் ஆலிவ் எண்ணெய்க் கம்பெனி இருக்கிறது. அங்கே ஹஷ்மிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுப்பவர் என்பார்கள் பாட்டில் நிரப்பும் பெண்கள். கம்ப்யூட்டர் மவுஸை மனசில் வைத்து ‘எலி டாக்டர்’ என்பான் லாரிகளை எடை பார்க்கும் எடைமேடைக்காரன். உண்மையில் கம்பெனியிலுள்ள பதினாறு கம்ப்யூட்டர்களும் ஹஷ்மியின் பொறுப்பு. வைரஸ் தடுப்பைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் சட்டைப்பையில் ஒரு பென் டிரைவைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போவான். “கொஞ்சம் எழுந்திரிங்க” என்பான். யாரும் உடனே எழுந்திருக்க மாட்டார்கள்.

நாற்பத்தேழு வயது, வழுக்கை, மென்மையான குரல். யார் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான். ஆனால் சொன்ன ஆளையும் மறக்க மாட்டான், சொன்ன வார்த்தையையும் மறக்க மாட்டான்.

அறுவடை உச்சத்தில் இருந்த டிசம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலையில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லார் திரையிலும் ஒரே சிவப்பு அறிவிப்பு. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம் என்று எவனோ எழுதியிருந்தான். இத்தாலிக்குப் போகவேண்டிய சரக்கின் பத்திரங்கள், ஆய்வகச் சான்றுகள், எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. முற்றத்தில் லாரிகள் வரிசையாக நின்றன.

ஹாஜி எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார்.

“இத்தனை வருஷமா ஒரு கழுதைக்குத் தீனி போட்டிருக்கேன்,” என்றார். “நிஜக் கழுதைன்னா செக்காவது சுத்தியிருக்கும். ஹஷ்மி, இங்க வா. அந்த லாரிக்காரங்க நிக்கறாங்க பாரு. ஒவ்வொருத்தன்கிட்டயும் போயி, ‘என்னாலதான் நீ காத்துக்கிட்டு நிக்கிற’ன்னு சொல்லிட்டு வா.”

“ஹாஜி...”

“போ. நான் இங்கேர்ந்து பார்த்துக்கிட்டுதான் இருப்பேன்.”

ஹஷ்மி போனான். ஒவ்வொரு லாரியின் ஜன்னலுக்குக் கீழேயும் நின்று அண்ணாந்து பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னான். முதல் இரண்டு பேர் சங்கடப்பட்டார்கள். மூன்றாமவன் சிரித்தான். அதற்கப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் தின்றுகொண்டிருந்த ஆலிவ் காயின் கொட்டையை ஹஷ்மியின் தலைமேல் துப்பினான்.

திருடர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பது மத்தியானத்துக்குள் ஹஷ்மிக்குத் தெரிந்துவிட்டது. ஹாஜியின் மகன் அனிஸ், கடற்கரை வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்க வேண்டும் என்று கோடைக்காலத்தில் அடம்பிடித்தான். அவனுக்காக ஹஷ்மிதான் ஃபயர்வாலில் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழி திறந்துவிட்டிருந்தான். அது ஆபத்து என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். “நீ சம்பளம் வாங்கற ஆள், திற,” என்றான் அனிஸ். அவனுடைய கடவுச்சொல் அவன் விசிறியாக இருந்த கால்பந்து கிளப்பின் பெயர். சந்துபொந்தெல்லாம் அந்தப் பெயர்தான் சுவரில் எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எவனோ அந்தப் பெயரைச் சொல்லி, திறந்த வாசல் வழியாக நிதானமாக உள்ளே வந்திருக்கிறான்.

சர்வரில் இருந்த அந்தத் தடயத்தை ஹஷ்மி அழித்தான். மகனைக் காட்டிக்கொடுத்துவிட்டு அப்பனிடம் யார் வேலை பார்க்க முடியும்? அந்த வழியையும் அடைத்தான். பழைய நகல் ஒன்று தனி டிஸ்கில் இருந்தது. அதை வைத்து வாரக்கடைசிக்குள் கம்பெனியை எழுப்பி உட்கார வைத்தான். யாரும் அதைப் பாராட்டவில்லை.

“நல்ல காவலா ஒண்ணு பார்த்து வாங்கு,” என்றார் ஹாஜி. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அந்த லாரிச் சக்கரத்துக்கு அடியிலதான் உன்னைப் படுக்க வைப்பேன்.”

முதலில் ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாகப் போடும் மென்பொருள் ஒன்றைப் பார்த்தான். விலை மலிவு. ஆனால் மறுபடியும் பென் டிரைவோடு மேசை மேசையாக அலைய வேண்டும் என்று நினைத்ததும் அதை மூடிவிட்டான்.

இரண்டாவதற்குப் பெரிய பெயர் இருந்தது. பரிசோதனைக்காகப் போட்ட அன்றே, பாட்டிலுக்கு லேபிள் அடிக்கும் புரோகிராமை அது வைரஸ் என்று முடிவுகட்டிப் பூட்டிவைத்தது. லைன் நின்றது. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்க்கும் மதாம் நஸீஹா இறங்கி வந்தாள். ஐம்பத்து நாலு வயது. கம்பெனியில் ஹாஜிக்கு எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கும் ஒரே ஊழியர் அவள்தான்.

“ஸி ஹஷ்மி,” என்று மரியாதைப் பட்டத்தோடு கூப்பிட்டாள், எல்லாருக்கும் கேட்கும்படி, “திருடன் வந்தப்ப உங்க நாய் தூங்கிக்கிட்டிருந்துச்சு. இப்ப முழிச்சுக்கிட்டு வீட்டுக்காரனையே கடிக்குது.”

பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஹஷ்மியும் சிரித்தான். மாலையில் அவள் ஒரு காகிதத்தில் இரண்டு பேரீச்சை இனிப்பு மடித்து அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைத் தொடவில்லை.

மூன்றாவதை இறக்கியபோதுதான் அவனுக்கு மூச்சு வந்தது. பதினாறு மெஷினும் ஒரே திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. எடைமேடையிலிருந்த கிழட்டு மெஷினைக்கூட அது மூச்சுமுட்ட வைக்கவில்லை. ஃபயர்வால் விதிகளை ஓர் இடத்தில் எழுதினால் எல்லா மெஷினுக்கும் போய்விடும். ஒன்றில் நோய் வந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை மற்றவற்றிடமிருந்து வெட்டிவிடலாம். யார் எந்தத் தளத்தைத் திறக்கலாம், யார் பென் டிரைவ் செருகலாம், எல்லாம் ஒரு சொடுக்கு. இணையம் இருந்தால் போதும், உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம்.

முதல் வேலையாக எடைமேடைக்காரன் பார்க்கும் பந்தயத் தளத்தை அடைத்தான். ஜன்னலோரம் போய் நின்று, அவன் கம்ப்யூட்டர் எலியை மேசையில் அடி அடியென்று அடிப்பதை ஆற அமரப் பார்த்தான்.

“ஸி ஹஷ்மி, கொஞ்சம் வந்து பாருங்களேன்!” என்று அவன் கூப்பிட்டான். எலி டாக்டர் என்று கூப்பிடவில்லை.

“நேரமில்ல,” என்றான் ஹஷ்மி.

அடுத்த நாள் திரையில் ஒரு புள்ளி சிவப்பானது. நஸீஹாவின் மெஷின். அவளுடைய அஞ்சல்களின் அடியில், விலைப்பட்டியல் என்ற பெயரில் வைரஸ் இருந்த ஒரு கோப்பு கிடந்தது. தாக்குதலுக்குச் சில நாள் முன்பு வந்தது. அதை யாரும் திறக்கவில்லை என்று மென்பொருளே எழுதிக் காட்டியது. ஹஷ்மி அந்த வரியைப் படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு சிவப்புப் புள்ளி தெரிகிற முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு ஹாஜியின் அறைக்குப் போனான்.

நஸீஹாவைக் கூப்பிட்டார்கள். அனிஸ் அங்கே சோபாவில் உட்கார்ந்து மாண்டரின் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தான்.

“உன் மெஷின்லேர்ந்துதான் வந்திருக்கு,” என்றார் ஹாஜி.

“நான் எதையும் திறக்கல, ஹாஜி. தெரியாத ஆளோட தபாலை நான் தொடவே மாட்டேன். இத்தனை வருஷத்துல உங்களுக்குத் தெரியாதா?”

“ஹஷ்மி, திறந்தாளா, இல்லையா?”

ஹஷ்மி தரையைப் பார்த்தான். “திறக்காம எப்படி உள்ள வரும், ஹாஜி?”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். “ஸி ஹஷ்மி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்ல?”

“மெஷின் என்ன சொல்லுதோ அதுதான் எனக்குத் தெரியும், மதாம்.”

அனிஸ் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

“வயசாயிடுச்சு உனக்கு,” என்றார் ஹாஜி. “கை நடுங்குது, கண்டதையும் அமுக்குற. போய் வீட்ல உக்காரு.”

நஸீஹா தன் மேசைக்குத் திரும்பியபோது திரை இருண்டிருந்தது. அவள் படியிறங்குவதற்குள் ஹஷ்மி தன் இடத்திலிருந்து அதைப் பூட்டியிருந்தான். அவள் அவன் அறை வாசலில் வந்து நின்றாள்.

“என் தங்கச்சி மகன் கல்யாணப் படமெல்லாம் அதுல இருக்கு. தங்கச்சி இப்ப உயிரோட இல்ல, உங்களுக்குத் தெரியும். ரெண்டு நிமிஷம் திறந்து விடுங்க, எடுத்துக்கறேன்.”

“விதி அப்படி, மதாம். வேலையிலேர்ந்து போனவங்க மெஷினைத் தொடக்கூடாது.”

“யாரு போட்ட விதி?”

“நான் போட்டது,” என்றான் ஹஷ்மி. சொல்லும்போது அவன் தொண்டையில் ஏதோ இனித்தது.

வாசலில் காவலாளி அவள் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துச் சோதித்தான். செருப்பு, மாத்திரை டப்பா, ஒரு சிறிய கள்ளிச்செடித் தொட்டி. பாட்டில் பெண்கள் யாரும் வெளியே வரவில்லை. மறுநாள் ஹஷ்மி அவள் மெஷினை முழுக்கத் துடைத்து, புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்தான்.

பிறகு கொஞ்ச காலம் ஹஷ்மிக்கு நல்ல காலம். அவன் வந்தால் மேசைகளிலிருந்து எழுந்து நின்றார்கள். எடைமேடைக்காரன் காபி வாங்கிக் கொடுத்தான். ஒருநாள் அனிஸ் வந்து, “வீட்லேர்ந்து உள்ள வரவே முடியல. பழையபடி திறந்து விடு,” என்றான். புதுக் காவல்தான் இருக்கிறதே என்று ஹஷ்மி திறந்துவிட்டான். அந்த மென்பொருளின்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை வந்திருந்தது.

பரிசோதனைக் காலம் முடிந்து, முறையாகப் பொருத்திக் கொடுக்கத் தலைநகர் தூனிஸிலிருந்து விற்பனைக் கம்பெனியின் இஞ்சினியர் ஓல்ஃபா வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஹஷ்மி அவளுக்கு நாற்காலி போட்டு, பாதாம் பிஸ்கட் வைத்தான். அவள் பிஸ்கட்டை எடுப்பதற்கு முன்பே கேட்டாள்.

“வெளியிலேர்ந்து ஒரு வழி திறந்திருக்கே. யாருக்கு?”

“முதலாளி மகனுக்கு.”

“தாக்குதல் நடந்தப்பவும் திறந்திருந்துச்சா?”

ஹஷ்மி பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அவன் தடயத்தை அழித்தது சர்வரில்தான். இணைய வாசலில் இருந்த ஃபயர்வால் பெட்டிக்கும் ஞாபகசக்தி உண்டு என்பது அவனுக்குத் தோன்றவில்லை. ஓல்ஃபா அதைத் திறந்து படித்தாள். படித்துவிட்டு அவனைத் திட்டவில்லை. எழுந்து நேராக ஹாஜியிடம் போனாள்.

அவனை உள்ளே கூப்பிட்டபோது அனிஸ் அங்கே இல்லை.

“அவன் கேட்டா நீ திறந்துடுவியா?” என்றார் ஹாஜி. “கிணத்துல குதின்னு சொன்னா குதிப்பியா?”

“ஹாஜி, உங்க மகன்...”

“என் மகன் பேரை உன் வாயால சொல்லாதே. சாவி யார் கையில இருந்துச்சு? உன் கையில. இந்தப் பொண்ணு சொல்றா, பதினாறு மெஷினையும் தூனிஸ்ல உக்காந்துகிட்டே பார்த்துக்குவாங்களாம். ஒரே திரையாம். நீதான தேர்ந்தெடுத்த? நல்லாத்தான் தேர்ந்தெடுத்திருக்க. இனிமே நீ மேசை மேசையா நடக்கவே வேண்டியதில்ல.”

ஓல்ஃபா குறுக்கிட்டாள். “ஒரு விஷயம் ஹாஜி. நீங்க வேலையிலேர்ந்து அனுப்பின அந்த அம்மாவோட தபால் இதுக்குக் காரணமே இல்ல. அதை யாரும் திறக்கவே இல்ல. அவங்களுக்குத் தகவல் சொல்லிடலாமே.”

“போனவ போனவதான். கூப்பிட்டுச் சொன்னா நான் தப்புப் பண்ணிட்டேன்னு ஆயிடும்.” ஹாஜி ஓல்ஃபாவுக்காகத் தன் மேசையில் வைத்திருந்த பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஹஷ்மி, போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ.”

வாசலில் காவலாளி அவன் பையையும் கவிழ்த்தான். எடைமேடைக்காரன் தூரத்திலிருந்தே கத்தினான்: “டாக்டர், பந்தயத் தளத்தைத் திறந்து விட்டுட்டுப் போங்க!”

மிச்சமிருந்த குளிர்காலம் முழுக்க ஹஷ்மி துறைமுகத்துக் காபிக்கடையில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டே மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தான். மனைவி ஸல்வா அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்துக் குடும்பத்தை இழுத்தாள். “எந்திரிச்சு ஏதாவது பண்ணுங்க,” என்று அவள் ஒருநாள் சொன்னதும், தொழிலாளர் ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. தனியாகப் போனால் எடுபடாது. நஸீஹாவும் கையெழுத்துப் போட்டால் வலு.

அவள் வீட்டுக்குப் போனான். அவள் உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டாள். அனிஸின் வழி, கால்பந்துக் கிளப்பின் பெயர், திறக்கப்படாத கோப்பு, எல்லாவற்றையும் சொன்னான். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“இதெல்லாம் எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?”

“முன்னாடியே.”

“எனக்குத் தெரியும். நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன்.” ஒரு கையைக் கதவில் வைத்தாள். “கையெழுத்துப் போடறேன். என் படங்களைக் கொண்டு வாங்க.”

“அது... மெஷினைத் துடைச்சுட்டேன், மதாம்.”

“தெரியாம துடைச்சீங்களா, தெரிஞ்சேவா?”

ஹஷ்மி ஒரு படி கீழே இறங்கினான்.

“நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான,” என்றாள் நஸீஹா. “நாய்னு சொன்னேன். தப்புதான். நாய் இப்படிப் பண்ணாது.” கதவைச் சாத்திக்கொண்டாள்.

வசந்தத்தில் ஓல்ஃபா போன் பண்ணினாள். தூனிஸுக்குத் தெற்கே சின்னச் சின்னக் கம்பெனிகளிலிருந்து கேட்கிறார்கள், பொருத்திக் கொடுக்க அங்கே ஆள் இல்லை, போகிற இடத்துக்கு இவ்வளவு என்று கூலி.

“உங்களுக்கு ஓட்டை எங்க இருக்கும்னு தெரியும்,” என்றாள். அவள் கேலி செய்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஒத்துக்கொண்டான்.

முதலில் அனுப்பியது மஹ்தியாவில் ஒரு மத்தி மீன் டப்பாத் தொழிற்சாலைக்கு. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் புபக்கர், பொறுமையான, பருத்த மனிதன். சட்டைப்பையில் பென் டிரைவ் தெரிந்தது. ஹஷ்மியை விருந்தாளியாக நடத்தினான். தன் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டையே இரண்டாகப் பிரித்து, சுட்ட மத்தியும் மிளகாய் வதக்கலும் ரொட்டியும் அவன் முன்னால் வைத்தான். விதிகள் ஒவ்வொன்றாகப் போவதை நாற்காலியை இழுத்துப்போட்டு வியந்து பார்த்தான்.

“அட, அத்தனையும் ஒரே இடத்துல தெரியுதே!” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இது வந்தப்புறம் நான் இங்க இருக்கறதுல ஒண்ணும் பிரச்சினை வராதே? மூணு பிள்ளைங்கண்ணே எனக்கு.”

எல்லா மெஷினையும் ஆளும் மேலாண்மைக் கணக்கை யார் பெயரில் போடுவது என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. ஹஷ்மி அதில் தூனிஸ் அலுவலகத்தின் பெயரை அடித்தான்.

“உனக்கு வேலை குறையும், தம்பி,” என்றான். “நிம்மதியா இரு.”

புபக்கர் நெஞ்சில் கைவைத்து இறைவனுக்கு நன்றி சொன்னான். தன் தட்டில் இருந்த மீனில் பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்து ஹஷ்மியின் தட்டில் வைத்தான். ஹஷ்மி முள்ளைக் கவனமாக உருவி எடுத்துவிட்டுத் தின்றான். மீன் புதுசு, ருசியாக இருந்தது.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். ஸ்ஃபாக்ஸ் வந்ததும் நடத்துநர் தோளைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.